ஜிலேபி மீன்: குளத்தைக் கெடுத்த விருந்தாளியிடமிருந்து ஹலாலான ஒரு வருமானம்

உடுமலையிலிருந்து அமராவதி அணைக்கோ, பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு அணைக்கோ குடும்பத்துடன் போய் வந்தவர்களுக்கு அணைமீன் வறுவலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மசாலா தடவி, சுடச்சுடப் பொரித்துத் தட்டில் வைக்கப்படும் அந்த மீன் பல நேரங்களில் ஜிலேபியாகவே இருக்கும். கடல் மீன் வாங்க வசதியில்லாத வீடுகளில் அதுதான் வாரத்துக்கொரு மீன் குழம்பு. பலர் அதை நம் ஊர் நாட்டு மீன் என்றே நினைத்திருக்கிறார்கள். அது நாட்டு மீன் அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி. வந்த வீட்டில் மற்றவர்களின் சோற்றையும் இடத்தையும் பிடித்துக்கொண்ட விருந்தாளி.

உலகின் மிக மோசமான நூறு அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் என்று ஐ.யூ.சி.என். தொகுத்த பட்டியலில் இந்த மீனும் இருக்கிறது. அதே அமைப்பு, இதன் பிறந்த மண்ணான தென்கிழக்கு ஆப்பிரிக்க ஆறுகளில் இதை அழியும் ஆபத்தை எதிர்நோக்கும் இனமாகவும் வகைப்படுத்தியிருக்கிறது. அங்கே நைல் திலாப்பியா என்ற இன்னொரு இனம் புகுந்து இதனுடன் கலந்து, இதன் தனி இனத்தைக் கரைத்துக்கொண்டிருப்பதே காரணம். ஒரே மீன், ஓரிடத்தில் ஆக்கிரமிப்பாளன், இன்னோரிடத்தில் ஆக்கிரமிக்கப்பட்டவன்.

ஊருக்குள் வந்த வழி

இந்த மீன் ஆசியாவுக்கு எப்படி வந்தது என்பது இன்றுவரை முழுதாகத் தெளிவாகாத கதை. 1930களின் இறுதியில் இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில், பிளித்தார் அருகே கடலோர உப்பங்கழி ஒன்றில் முஜாயிர் என்ற கிராமவாசி இதைக் கண்டெடுத்தார். உப்பு கலந்த நீரில் வாழ்ந்ததைப் படிப்படியாக நன்னீருக்குப் பழக்கி வளர்த்தார். இந்தோனேசிய மக்கள் இன்றும் அந்த மீனை 'முஜாயிர்' என்றே அழைக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானியர் கைகளுக்குப் போய், தென்கிழக்கு ஆசியா முழுவதும் பரவியது.

இந்தியாவுக்கு அது 1952இல் பாங்காக்கிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கொண்டுவரப்பட்டது. சுதந்திரம் கிடைத்த புதிது. நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு. புதுப்புது அணைகள் கட்டப்பட்ட காலம் அது. நம் பகுதியில் பவானிசாகர் 1955இல் முடிந்தது; அமராவதி அணை அதற்குச் சில ஆண்டுகள் பின்னர். இத்தனை தண்ணீரில் மலிவான புரதத்தை விளைவித்துவிடலாம் என்று கணக்குப் போட்டவர்களின் எண்ணத்தில் தவறு காண முடியாது. ஆனால் 1959க்குள்ளாகவே இதை மேலும் பரப்ப வேண்டாம் என்று மீன்வள ஆராய்ச்சிக் குழு தடை சொல்லிவிட்டது. தடை தாளில் இருந்தது, மீன் தண்ணீரில் இருந்தது. 1960களின் இறுதிக்குள் பவானிசாகர், அமராவதி, திருமூர்த்தி, வைகை, கிருஷ்ணகிரி என்று பல நீர்த்தேக்கங்களில் ஜிலேபியே முதன்மை மீனாகிவிட்டது.

ஏன் கேடு?

ஜிலேபியின் வலிமை அதன் வாயில் இருக்கிறது. பெண் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துப் பொரிக்கும். குஞ்சுகள் வெளியே வந்த பிறகும் ஆபத்து என்றால் திரும்ப வாய்க்குள் ஓடிவந்துவிடும். அதனால் மற்ற மீன்களின் முட்டைகள் அழியும் இடத்தில் இதன் குஞ்சுகள் பிழைக்கின்றன. இரண்டு மூன்று மாத வயதிலேயே, விரல் நீளம் இருக்கும்போதே, இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். கட்லாவும் ரோகுவும் அதற்கு ஆண்டுகள் எடுத்துக்கொள்கின்றன. அதுவும் தேங்கிய குளத்தில் அவை தாமாக முட்டையிடுவதில்லை. ஜிலேபிக்கு அந்தக் கவலையில்லை. பாசி, வண்டல், பூச்சி, சிறு குஞ்சுகள் என்று எதையும் தின்னும். ஆக்ஸிஜன் குறைந்த நீரிலும் உப்பேறிய நீரிலும் தாக்குப்பிடிக்கும்.

விளைவு இரண்டு. காவிரிப் படுகைக்கே உரிய கருமுழிக் கெண்டை போன்ற மீன்களுக்கு இரையும் இடமும் குறைகின்றன. ராஜஸ்தானின் ஜெய்சமந்த் ஏரியில் ஜிலேபி புகுந்த பிறகு பெருங்கெண்டைகளின் சராசரி எடையே சரிந்தது என்று மீன்வள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. இரண்டாவது, ஜிலேபி தனக்கே எதிரியாகிறது. கூட்டம் பெருகி இரை போதாமல் உள்ளங்கை அளவோடு வளர்ச்சி நின்றுவிடுகிறது. குத்தகைக்காரரின் வலை நிறைகிறது, பை நிறைவதில்லை. நூறு கிராம் மீனுக்கு யார் நல்ல விலை கொடுப்பார்கள்?

நம் கவனத்துக்குரிய மீன் இந்தச் சிறிய ஜிலேபிதான். பெரியது தானாக விற்றுவிடும்.

இங்கே இன்னொரு பெயரையும் பிரித்துச் சொல்ல வேண்டும். 'கிஃப்ட் திலாப்பியா' என்று பண்ணைகளில் வளர்க்கப்படுவது வேறு இனம். நைல் திலாப்பியாவிலிருந்து 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய திட்டத்தில் உருவானது. மரபணு மாற்றப்பட்ட மீன், சாப்பிடக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறானது. நல்ல கன்றுகளைத் தேர்ந்து காங்கேயம் மாடு வளர்ப்பதைப் போல, வேகமாக வளரும் மீன்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து உருவாக்கிய ரகம் அது. ஆனால் அதை வளர்க்க மீன்வளத்துறையின் அனுமதி வேண்டும். பண்ணையிலிருந்து ஆற்றுக்குத் தப்பாமல் தடுப்பு அமைக்க வேண்டும். அது பெரிய முதல் கேட்கும் தொழில். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல.

ஹலாலா, தய்யிபா?

மீன் என்றால் கேள்வியே இல்லை என்று நாம் கடந்துவிடுகிறோம். அறுக்கத் தேவையில்லை என்பதும், நீர் வேட்டை ஆகுமானது என்பதும் (அல்மாயிதா 96) எல்லோருக்கும் தெரியும். ஆனால் குளத்து மீன் வியாபாரத்தில் இறங்குகிறவருக்கு இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும்.

முதலாவது, செத்து மிதக்கும் மீன். கோடையில் தண்ணீர் வற்றும்போதும், திடீர் மழையில் சாக்கடை அடித்துக்கொண்டு வரும்போதும் குளங்களில் மீன்கள் மொத்தமாகச் செத்து மிதப்பதைச் செய்திகளில் பார்க்கிறோம். ஹனஃபி மத்ஹபில், வெளிக் காரணம் எதுவுமின்றித் தானாகச் செத்து, வயிறு மேலாக மிதக்கும் மீனுக்கு 'தாஃபி' என்று பெயர். அதை உண்ணக் கூடாது. வலையில் சிக்கிச் செத்தது, கரையில் ஒதுங்கிச் செத்தது, சூட்டாலோ குளிராலோ செத்தது என்றால் அச்சட்டம் வேறு. ஷாஃபிஈ மத்ஹபில் மிதக்கும் மீனும் கூடும். ஆனால் உடலுக்குத் தீங்கு என்றால் அங்கும் தடைதான். கோவையில் இரண்டு மத்ஹபினரும் ஒரே தெருவில் வாழ்கிறார்கள், ஒரே கடையில் மீன் வாங்குகிறார்கள். எனவே விற்பவர் மிதந்த மீனைத் தொடாமல் இருப்பதே இரு சாராருக்கும் பாதுகாப்பு. அழுக்கு நீரில் மூச்சுத் திணறிச் செத்த மீன் எந்த மருத்துவர் பார்வையிலும் உணவல்ல என்பதால், இந்த ஓரிடத்தில் ஃபிக்ஹு நூலும் உணவுப் பாதுகாப்பு அதிகாரியும் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

இரண்டாவது, அசுத்தத்தைத் தின்று வளர்ந்த மீன். அசுத்தத்தையே இரையாகக் கொண்ட பிராணியை 'ஜல்லாலா' என்பார்கள். அதன் இறைச்சியையும் பாலையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தியை இப்னு உமர் (ரலி) அறிவிக்க, அபூதாவூத், திர்மிதீ நூல்களில் பதிவாகியுள்ளது. கட்டிவைத்துச் சுத்தமான தீவனம் கொடுத்து, வாடை நீங்கிய பின் உண்ணலாம் என்று ஃபுகஹாக்கள் விளக்கினார்கள். கோழிக்கு மூன்று நாள் என்பது அறியப்பட்ட கணக்கு. மீன் விஷயத்தில் மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 2006இல் ஒரு முடிவெடுத்தது. குளத்து மீன்களுக்கு வேண்டுமென்றே பன்றி, செத்த பிராணி போன்ற நஜிஸைத் தீனியாகப் போட்டு வளர்த்தால் அந்த மீன் ஹராம் என்பதே அது. நம் நாட்டில் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியைச் சிலர் திருட்டுத்தனமாகக் கோழிக்கடைக் கழிவு போட்டு வளர்ப்பதை நினைத்தால் அந்த ஃபத்வாவின் அவசியம் புரியும்.

ஜிலேபிக்கு யாரும் கழிவு போடுவதில்லை. ஆனால் நொய்யல் தொடர்க் குளங்களின் நிலை நமக்குத் தெரியும். நகருக்குள் உள்ள பல குளங்களில் வீட்டுச் சாக்கடை கலக்கிறது. திருப்பூருக்குக் கீழே சாயக்கழிவு தேங்கி ஒரத்துப்பாளையம் அணையே பயன்படாமல் போனதும், 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் பழைய செய்தி அல்ல. சாக்கடைக் கிருமியைச் சூடு கொல்லும். சாயத்திலும் உலோகத்திலும் வரும் நஞ்சு எந்தச் சூட்டுக்கும் போகாது. மூன்று நாள் நல்ல தண்ணீரில் விட்டாலும் போகாது. ஆகவே என் கருத்து தெளிவானது. தொழிலுக்கு மீன் வாங்குவதென்றால் மலையடிவார அணை மீனையும், சாக்கடை சேராத கிராமக் குளத்து மீனையும் மட்டும் வாங்குங்கள். மலிவு என்று நகரச் சாக்கடைக் குளத்து மீனை வாங்கிக் கருவாடு போட்டு, 'ஹலால்' என்று லேபிள் ஒட்டுவது அந்தச் சொல்லுக்கு நியாயம் செய்வதாகாது.

சின்ன மீனை என்ன செய்வது?

முதலில் சட்டம். அணையில் யாரும் போய் வலை வீச முடியாது. பெரிய நீர்த்தேக்கங்களின் மீன்பிடிப்பு அரசின் மீன்வளத்துறை அல்லது மீன் வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில், உரிமம் பெற்ற மீனவர்கள் வழியாக நடக்கிறது. கிராமக் குளங்கள் குத்தகைக்கு விடப்படுகின்றன. எனவே சிறு தொழில் தொடங்குபவர் பிடிப்பவரிடம் வாங்குபவராகவே இருக்க முடியும். பரிசல்காரரோ குத்தகைக்காரரோ விலை போகாமல் ஒதுக்கும் சிறு ஜிலேபியை நிலையான விலைக்கு அன்றாடம் எடுத்துக்கொள்கிறேன் என்று பேசி வைத்துக்கொள்வதே பேரத்தின் மையம்.

ஓட்டல்காரர் கேட்பது முள்ளில்லாத சதைத் துண்டு. அதற்குச் சின்ன ஜிலேபி லாயக்கில்லை. நல்ல எடையுள்ள ஜிலேபியிலேயே நூறு கிலோவுக்கு முப்பது, முப்பத்தைந்து கிலோ சதைத் துண்டுதான் தேறும். சிறியதில் உழைப்புக்கூட மிஞ்சாது. அதற்கேற்றவை கருவாடு, ஊறுகாய், கட்லெட் ஆகிய மூன்றும்தான்.

கொங்கு வீடுகளில் கருவாட்டுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. பெரும்பாலும் கடலோரத்திலிருந்து வருகிறது. ஜிலேபியைச் செதில் நீக்கி, குடலும் செவுளும் எடுத்து, முதுகுப் பக்கம் கீறித் திறந்து, நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்று அடுக்கி ஓரிரவு வைக்க வேண்டும். குடலை நீக்கும்போது வயிற்றின் உட்புறம் உள்ள கறுப்புச் சவ்வையும் தேய்த்து எடுத்துவிட வேண்டும். குளத்து மீனின் மண்வாடைக்கு அது ஒரு காரணம் என்று சமைப்பவர்கள் சொல்வார்கள். பிறகு தரையில் அல்ல, கால் வைத்த தட்டியில், கொசுவலை மூடி உலர்த்த வேண்டும். கருவாட்டில் ஈ மொய்க்காமலிருக்கப் பூச்சிமருந்து தெளிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது விஷத்தை விற்பது. அப்படிச் செய்பவரிடம் கூட்டுச் சேராதீர்கள். உலர்ந்த பின் ஈர எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும் என்பதை விலை போடும்போது மறக்கக் கூடாது. பலர் அங்கேதான் நட்டப்படுகிறார்கள்.

ஊறுகாய்க்குச் சிறு துண்டுகளை உப்பு மஞ்சளில் ஊறவைத்து மொறுமொறுப்பாகப் பொரித்து, இஞ்சி பூண்டு மிளகாயுடன் நல்லெண்ணெயில் வதக்கி வினிகர் சேர்ப்பார்கள். வினிகர் சுவைக்காக மட்டுமல்ல. புளிப்பு போதாத மீன் ஊறுகாயில், எண்ணெய்க்கு அடியில், காற்றே தேவைப்படாத கொடிய கிருமி வளர முடியும். பி.எச். அளவு 4.5க்குக் கீழே இருக்கிறதா என்று சோதித்த பிறகே கடைக்கு அனுப்ப வேண்டும். சோதனைத் தாள் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது.

கட்லெட்டுக்கு மீனை வேகவைத்து முள் பிரிக்க வேண்டும்; வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து செய்யக்கூடிய வேலை. ரமளானில் இஃப்தார் நேரத்துக்கு இதற்கு இருக்கும் தேவையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இது அன்றன்றே விற்றாக வேண்டிய பண்டம். குளிர்ப்பெட்டி இல்லாமல் பெரிதாக ஆரம்பிக்க வேண்டாம்.

தலை, செதில், குடல் எல்லாம் குப்பைக்குப் போக வேண்டியதில்லை. மீன் கழிவும் நாட்டுச் சர்க்கரையும் சம எடை சேர்த்துக் காற்றுப்புகாத வாளியில் மூன்று வாரம் வைத்தால் மீன் அமிலம் கிடைக்கிறது. லிட்டர் தண்ணீருக்கு ஐந்து முதல் பத்து மில்லி கலந்து பயிருக்குத் தெளிப்பார்கள். இயற்கை விவசாயிகளிடம் இதற்குச் சந்தை உண்டு. பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் ஈரோட்டு மஞ்சள் காடும் பக்கத்தில், கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையும் கைக்கெட்டும் தூரத்தில். சில இடங்களில் மீனைவிட இதிலேயே கூடுதலாகக் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் எங்கிருந்து வரும்?

நம் குடும்பங்கள் சறுக்கும் இடம் மீன் அல்ல, முதல். விற்கும் உணவுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு அவசியம், அது இணையத்தில் செய்யக்கூடிய எளிய வேலை. அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. 2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் பிரிவினருக்கும் 60 சதவீதமும் மானியம் வகுக்கப்பட்டது. அதே ஆண்டு வந்த குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய். விண்ணப்பிக்கும் முன் இப்போதைய நிலையை மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது திட்டம் வங்கிக் கடனோடு பிணைந்தது. கடன் என்றால் வட்டி. இன்னொரு பக்கம், கிராமங்களில் வாரத் தவணை வசூலிக்கும் குழுக்கடன்கள் பெண்களை எந்த நிலைக்குக் கொண்டுபோகின்றன என்பதை மஹல்லாக்களில் கண்கூடாகப் பார்க்கிறோம். மூவாயிரம் ரூபாய் கருவாட்டுத் தட்டிக்காக ஐம்பதாயிரம் குழுக்கடன் எடுத்து, மீதி வீட்டுச் செலவில் கரைந்து, பிறகு தவணைக்கே இன்னொரு கடன். இந்தத் தொழிலின் அழகே அது சிறிதாகத் தொடங்கக்கூடியது என்பதில் இருக்கிறது. நாளொன்றுக்கு இருபது கிலோ மீன், உப்பு, தட்டி, தராசு, கத்திகள் என்றால் அது ஜமாஅத் பைத்துல்மாலின் 'கர்ளே ஹஸனா'வுக்குள் அடங்கும் தொகை. அல்லது ஒருவர் முதல் போட, இன்னொருவர் உழைக்க, லாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பிரிக்கும் முளாரபா முறை. நம் நூல்களில் பக்கம் பக்கமாக இருக்கும் இந்த முறையை மீன் வாளியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு சகோதரிக்கு எடுத்துச் சொல்லி, ஒப்பந்தத்தை எழுதிக் கொடுக்க எத்தனை மஹல்லாக்களில் ஆள் இருக்கிறது?

தின்று தீர்க்க முடியுமா?

கேட்டைத் தின்றே ஒழித்துவிடலாம் என்று ஆசைப்படுபவர்களுக்குப் பாகிஸ்தானின் வெட்டுக்கிளி அனுபவம் பாடம். 2020 தொடக்கத்தில் பஞ்சாப் மாகாணத்தின் ஒகாரா மாவட்டத்தில், இரவில் மரங்களில் அசையாமல் கிடக்கும் வெட்டுக்கிளிகளைக் கிராமத்தார் பிடித்துவந்தால் கிலோவுக்கு 20 ரூபாய் என்று அறிவித்தார்கள். முதல் நாளே ஏழு டன் வந்தது. கோழித் தீவன ஆலைக்குப் போனது. மருந்து தெளித்த இடத்து வெட்டுக்கிளி தீவனத்துக்கு உதவாது என்பதால் தெளிக்காத இடங்களில் மட்டும் பிடிக்க வேண்டியிருந்தது. படை நகர்ந்ததும் வருமானமும் நகர்ந்துவிட்டது. (அதே ஆண்டு மே மாதம் கிருஷ்ணகிரி பக்கம் நேரலகிரியில் எருக்கஞ்செடிகளில் மொய்த்ததைப் பார்த்து வெட்டுக்கிளிப் படை வந்துவிட்டது என்று நாமும் பதறினோம், அது உள்ளூர் வெட்டுக்கிளிதான்.)

ஜிலேபி அப்படி நகர்ந்துவிடாது. இலங்கையில் 1952இல் விட்ட திலாப்பியா, உள்நாட்டுக் குளங்களின் மீன்பிடியையே தன்மேல் கட்டிக்கொண்டது. 1990இல் சமய உணர்வுகளைக் காரணம் காட்டி அந்நாட்டு அரசு உள்நாட்டு மீன்பிடிக்கான ஆதரவை நிறுத்தி, 1994இல் மீண்டும் தொடங்கியபோதும் மீன் அங்கேயே இருந்தது. இடையில் சிரமப்பட்டது மீனவக் குடும்பங்கள்தான். எழுபது ஆண்டுகளாக நாமும் தின்கிறோம். குறையவில்லை. வலையின் கண் பெரிதாக இருப்பதால் பெரியவை மாட்டுகின்றன, சிறியவை தப்பி மறுபடி பெருகுகின்றன. சிறியதற்கும் விலை கிடைத்தால் பிடிப்பு சமமாகும். குளத்தில் விட்ட கட்லா, ரோகுவுக்கு இரை மிஞ்சும். அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம். ஆனால் சிறு கண் வலையில் ஜிலேபிக் குஞ்சோடு அயிரையும் கெண்டைக் குஞ்சும் சேர்ந்து வந்தால், அவற்றை உயிரோடு திருப்பி விடச் சொல்லி வாங்குபவர்தான் நிபந்தனை போட வேண்டும்.

இதில் உண்மையான ஆபத்து வேறு. ஒரு பண்டத்துக்குக் காசு வரத் தொடங்கியதும், 'நம் குளத்திலும் விட்டால் என்ன?' என்ற எண்ணம் வரும். அரசு மானியத்தில் வெட்டிய பண்ணைக்குட்டைகள் கொங்கு மண்டலமெங்கும் இருக்கின்றன. ஒரு வாளியில் பத்து ஜிலேபி கொண்டுபோய் விடுவது ஐந்து நிமிட வேலை. மழைக்காலத்தில் குட்டை வழிந்தால் ஓடை, ஓடையிலிருந்து ஆறு. வாயில் முட்டையோடு இருக்கும் ஒரே ஒரு பெண் மீன் போதும். ஆகவே மீனை வாங்கும் இடத்திலேயே, கரையிலேயே, ஐஸில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். உயிர் மீன்தான் புதிது என்று வாடிக்கையாளர் கேட்டாலும் சரி.

குட்டையில் ஏற்கெனவே ஜிலேபி புகுந்திருந்தால், சித்திரை வைகாசியில் தண்ணீரை முழுதாக இறைத்து, மீனை மொத்தமாகப் பிடித்து, அடிமண் வெடிக்கும்வரை காயவிட வேண்டும். ஓரத்தில் ஒரு குழி ஈரம் மிஞ்சினாலும் பயனில்லை. அடுத்த மழையில் கட்லா, ரோகு குஞ்சு விடும்போது, அவை கொஞ்சம் வளர்ந்த பிறகு சில விரால் குஞ்சுகளையும் சேர்த்து விடுவது பழைய மீன் வளர்ப்பாளர்களின் வழக்கம். தப்பிப் பிழைத்த ஜிலேபிக் குஞ்சுகளை விரால் பார்த்துக்கொள்ளும். விராலுக்கு உக்கடம் மார்க்கெட்டில் ஜிலேபியைப்போல் பல மடங்கு விலை.